வாய் பேசாத் தோழன்

மாணவ நண்பர்களே, மனிதனோடு முதன்முதலில் உறவு கொண்டாடிய விலங்கு எது என்று கேட்டால், பசு என்பார் சிலர். குதிரை என்பார் சிலர். உண்மையில் அந்தப் பெருமை நாய்க்கே உரியது. மனிதன் ஏர் பிடிக்கக் கற்பதற்கு முன்பே, ஒரு கைப்பிடி தானியத்தை விதைத்து அறுப்பதற்கு முன்பே, நாய் அவனுடைய தீயருகில் வந்து படுத்துவிட்டது.

செருமனி நாட்டில், பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில், 1914ஆம் ஆண்டில் கல் உடைத்த தொழிலாளர் ஒரு பழைய புதைகுழியைக் கண்டனர். ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது அது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கிடந்தனர். அவர்களோடு ஒரு நாயும் புதைக்கப்பட்டிருந்தது. அந்த நாயின் பற்களை மீண்டும் ஆராய்ந்த அறிஞர் 2018ஆம் ஆண்டில் ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். ஏழு மாதம் நிறையாத அந்தக் குட்டி, 'டிஸ்டெம்பர்' என்னும் கொடிய நோயால் பல வாரம் துன்புற்றிருக்கிறது. யாரேனும் அதைத் துடைத்து, நீர் புகட்டி, குளிர் படாமல் காத்திராவிட்டால் அத்தனை நாள் உயிர் தரித்திருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. வேட்டைக்கு உதவாத ஒரு நோயாளிக் குட்டியை அந்த ஆதி மனிதர் கைவிடவில்லை.

இது மனிதன் நாய்க்குச் செய்தது. நாய் மனிதனுக்குச் செய்ததற்கு நம் நாட்டிலேயே கல்லில் சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கள்வரோடு பொருது மாண்ட ஒரு வீரனின் உருவத்தருகே அவனுடைய நாயின் உருவமும் அதில் உண்டு. தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகிறது. நாய்க்கும் பெயர் பொறித்துப் பெருமை செய்த நாடு இது.

இத்தகைய பழைய உறவை நாம் எப்படிப் பேணுகிறோம்? அன்பு செலுத்துகிறோம், ஐயமில்லை. ஆனால், அன்பு மட்டும் போதுமா? நாய் நம்மிடம் வாய் திறந்து பேசுவதில்லை. ஆயினும் நாள்தோறும் ஒரு மொழியில் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. தின்னும் விதத்தாலும், நடக்கும் நடையாலும், வாலாலும், செவியாலும், கண்ணாலும் அது பேசுகிறது. அந்த மொழியை அறியாத அன்பு சில வேளைகளில் நஞ்சாகவும் முடிகிறது. ஆகவே, அந்த மொழியின் அரிச்சுவடியையேனும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். இன்றைய பேச்சின் நோக்கம் அதுவே.

தேனியிலிருந்து கம்பம் செல்லும் நெடுஞ்சாலையில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்காகப் பல ஊர் மக்கள் இங்கே வந்து கூடுவர். சுற்றிலும் வயலும் தோப்பும் தோட்டமும் நிறைந்த பள்ளத்தாக்கு. இங்கே நாயில்லாத தோட்டம் அரிது. இதே பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் உள்ள கோம்பை என்னும் ஊர் தன் பெயரையே ஒரு நாயினத்துக்கு வழங்கியிருக்கிறது. செந்நிற உடலும் கறுத்த வாயும் கொண்ட கோம்பை நாய், காவலுக்குப் பெயர் பெற்றது. மலைக்குத் தென்கிழக்கே இராசபாளையம் இருக்கிறது. அவ்வூர் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது.

நாய்க்குப் பெயர் பெற்ற இந்தப் பகுதிக்கு அண்மையில் ஒரு நன்மையும் வாய்த்திருக்கிறது. 1903ஆம் ஆண்டில் சென்னைச் சைதாப்பேட்டையில் தொடங்கியது நம் மாநிலத்தின் கால்நடை மருத்துவக் கல்வி. 1989ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. 2020ஆம் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று வீரபாண்டியை அடுத்த தப்புக்குண்டுப் பகுதிக்கும் வந்தது. 'மாட்டுக்குத்தான் வைத்தியர், நாய்க்கும் பூனைக்கும் எதற்கு?' என்று கேட்பவர் இன்னும் இருக்கின்றனர். அந்தக் கேள்விக்கு விடை இந்தப் பேச்சின் இறுதியில் தானே விளங்கும்.

முதலில், உடலின் மொழியைப் பார்ப்போம். நலமுள்ள நாயை அறிவது எளிது. கண் தெளிந்திருக்கும், பீளை கட்டியிராது. மயிர் பளபளப்பாகப் படிந்திருக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். ஈறு வெளுத்திருந்தால் உடலில் இரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். உண்ணியோ கொக்கிப் புழுவோ காரணமாக இருக்கலாம். மூக்கு ஈரமாக இருந்தால் நலம், உலர்ந்திருந்தால் காய்ச்சல் என்று பலர் நம்புகின்றனர். இது சரியன்று. உறங்கி எழுந்த நாய்க்கும் வெயிலில் கிடந்த நாய்க்கும் மூக்கு உலர்ந்தே இருக்கும்.

நாயின் உடல் நம் உடலைவிடச் சற்று வெம்மையானது. 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை அதன் இயல்பான வெப்பநிலை. நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் சூடு அதற்கு நலம். ஆகவே, தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்துவிட்டு, நமக்கென வாங்கி வைத்த பாரசிட்டமால் மாத்திரையை அதற்குக் கொடுப்பது பெருந்தவறு. அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை ஒரு பூனையின் உயிரைக் குடித்துவிடும். நாய்க்கும் அதனால் தீங்கு உண்டு.

நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. சித்திரை வெயிலில் நிழலின்றிக் கட்டிப்போட்ட நாயும், கதவடைத்த காருக்குள் விடப்பட்ட நாயும் அந்த வழி போதாமல் வெப்பத் தாக்கினால் வீழ்கின்றன. அளவு கடந்து இளைத்து, எச்சில் வடிந்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்து, விசிற வேண்டும். அதன்பின் மருத்துவரிடம் விரைய வேண்டும். அமைதியாக உறங்கும் நாயின் மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் ஓடினால், அதுவும் நாள்தோறும் ஓடினால், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

பூனை இன்னும் அழுத்தமான பிராணி. நோயை மறைத்துக்கொள்ளும். வழக்கமான இடத்தை விட்டு இருட்டு மூலையில் ஒதுங்குவதும், உடலை நக்கித் தூய்மை செய்வதை நிறுத்துவதும் அதன் முறையீடுகள். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டு நீர் வரவில்லையானால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது. சிறுநீர்ப் பாதை அடைபட்ட பூனை இரண்டொரு நாளில் இறந்துவிடும்.

இனி உணவைப் பார்ப்போம். நம் வீடுகளில் நாய்க்குத் தனி உணவு என்பது ஏது? மிஞ்சிய சோறு, அதன்மேல் ஊற்றிய குழம்பு, விருந்து நாளில் கோழி எலும்பு; இவ்வளவுதான். இதில் எது தகும், எது தகாது?

சோறு நாய்க்கு ஆகாது என்பவர் உண்டு, அது தவறு. ஓநாயின் வழியில் வந்ததாயினும், மனிதனோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளில் நாயின் உடலே மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் சுரப்பை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பன்மடங்கு மிகுதி என்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. நம்மோடு உண்டு உண்டு, நம் உணவுக்கு ஏற்ற வயிற்றை அது பெற்றுவிட்டது. ஆனால், சோறு மட்டும் போதாது. வளரும் குட்டிக்குப் புரதம் மிகுதியாக வேண்டும். வேகவைத்த முட்டை, இறைச்சி, மீன், குழைய வெந்த பருப்பு ஆகியவற்றைச் சோற்றோடோ கேழ்வரகுக் கூழோடோ கலந்து தரலாம். பச்சை முட்டை வேண்டா. அதன் வெண்கரு, பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தை உடலில் சேரவொட்டாமல் தடுத்துவிடும்.

அன்பு மிகுதியால் குட்டிக்கு இறைச்சியை மட்டுமே ஊட்டுபவரும் உண்டு. இறைச்சியில் பாஸ்பரசு மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடு செய்ய உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். விளைவு, குட்டியின் முன்னங்கால்கள் வில்லாய் வளையும். இறைச்சியே தின்று வளர்ந்த குட்டிக்கு எலும்பு மெலிவதா என்று உரியவர் வியப்பர், காரணம் இதுதான். எவ்வளவு சுண்ணாம்புச் சத்தைச் சேர்க்கலாம் என்பதை மருத்துவரே அளவிட்டுச் சொல்ல வேண்டும். அளவு மிஞ்சினாலும் தீங்குதான்.

பூனையின் செய்தி வேறு. அது முற்றிலும் ஊனுண்ணி. டாரின் என்னும் சத்தைப் போதிய அளவில் தன் உடலில் ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது; ஊனிலிருந்தே பெற வேண்டும். அது கிடைக்காவிட்டால் நாளடைவில் கண் பார்வை மங்கும், இதயம் தளரும். பாலும் சோறும் தின்று வளரும் பூனை மெலிந்து மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், பூனைக்குப் பால் என்று நாம் பழகிவிட்டோமே தவிர, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இல்லை; வயிற்றுப்போக்குத்தான் மிஞ்சும்.

இப்போது குழம்புக்கு வருவோம். நம் குழம்பில் சின்ன வெங்காயம் நிறைய உண்டு, பூண்டும் உண்டு. நமக்கு மணமூட்டும் இவை, நாய் பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் போதும், இரத்தம் கெடத் தொடங்கிவிடும். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 கிராமே போதும். வேகவைத்தாலும் இந்த நச்சு நீங்குவதில்லை. ஒரு நாள் ஒரு கரண்டி குழம்பால் ஒன்றும் நேராமற் போகலாம்; நாள்தோறும் ஊற்றினால் ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, நாய் சோர்ந்து படுக்கும்.

எங்கள் பள்ளத்தாக்கில் உள்ளோர் சிறப்பாக அறிய வேண்டியது மற்றொன்று. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி ஆகிய ஊர்களில் எங்கு நோக்கினும் திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. நமக்கு இனிக்கும் அந்தக் கனி நாயின் சிறுநீரகத்தை அழிக்க வல்லது. உலர்ந்த திராட்சையும் அப்படியே. ஒரு நாய் ஒரு குலையைத் தின்றும் தப்பும். மற்றொன்று சில பழங்களிலேயே வீழும். பழத்திலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று மருத்துவர் கருதுகின்றனர். பழத்துக்குப் பழம் அதன் அளவு வேறுபடுவதால் விளைவும் வேறுபடுகிறது. அந்த அமிலம் நிறைந்த வேறொரு பொருள் நம் சமையலறையில் இருக்கிறதே, புளி! புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதுபட்டதை 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. திராட்சையையோ புளியையோ தின்ற நாய் சில மணி நேரத்தில் வாந்தி எடுத்தால், வயிறு சரியாகிவிடும் என்று காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும். சிறுநீரகம் ஒரு முறை அழிந்தபின் அதை மீட்பது அரிது.

சாக்லேட்டு, சர்க்கரை நோயாளருக்கான இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவையும் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு, கடித்தால் ஊசி போலப் பிளந்து குடலைத் துளைக்கும். இவ்வளவு விலக்கினால் நாய்க்கு என்னதான் கொடுப்பது என்று மலைக்க வேண்டா. குழம்பு ஊற்றுவதற்கு முன்பே, உப்பும் காரமும் சேர்ப்பதற்கு முன்பே, நாய்க்குரிய பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும். சமைக்கும் தாயாருக்கு இதனால் பெரிய வேலை ஒன்றும் கூடுவதில்லை. குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை, வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை, குறித்த நேரத்தில் உணவு. எந்நேரமும் தூய நீர். இது போதும்.

நோய்த் தடுப்பு அடுத்தது. தாயின் வயிற்றிலும் தாய்ப்பாலிலுமே குட்டிக்கு உருண்டைப் புழு வந்துவிடுகிறது. ஆகவே, இரண்டு வார வயதிலிருந்தே மருத்துவர் சொற்படி புழு நீக்க மருந்து தொடங்க வேண்டும். இந்தப் புழுக்கள் நம்மையும் விட்டுவைப்பதில்லை. கொக்கிப் புழுவின் இளம்பருவம் வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகும். உருண்டைப் புழுவின் முட்டை, கழுவாத கையின் வழியாகக் குழந்தையின் வயிற்றுக்குள் போய்க் கண்ணையும் ஈரலையும் தாக்கும். நாயோடு விளையாடிய கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது என்பதை விதியாகக் கொள்ளுங்கள்.

பார்வோ என்னும் நச்சுயிரி 1978ஆம் ஆண்டில்தான் உலகின் கண்ணுக்குப் புலப்பட்டது. இரண்டே ஆண்டில் கண்டங்களைச் சுற்றி வந்துவிட்டது. குருதி கலந்த வயிற்றுப்போக்கு, ஓயாத வாந்தி, இரண்டு மூன்று நாளில் மரணம். பல மாதங்கள் அது மண்ணில் மறைந்திருக்கும். ஒரு குட்டியை இழந்த வீட்டில் அடுத்த குட்டியும் அதே நோயால் மடிவதைக் கண்டு, 'இந்த வீட்டுக்கு நாய் ராசியில்லை' என்பார்கள். ராசி ஒன்றும் இல்லை. மண்ணில் நோய் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, நான்கு மாதம் நிறையும் வரை இடைவிட்டுப் போடும் தடுப்பூசி அந்த ராசியை மாற்றிவிடும்.

இனி நடத்தையின் மொழி. வாலை ஆட்டும் நாயெல்லாம் மகிழ்ச்சியில் ஆட்டுகிறது என்று எண்ணுகிறோம். உடல் தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து அசைய, வால் அகலமாக ஆடினால் அது மகிழ்ச்சி. உடல் விறைத்து, வால் உயர்ந்து, நுனி மட்டும் விரைந்து துடித்தால் அது எச்சரிக்கை. முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், வெறுவாயை நக்குதல், உறக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுதல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல் ஆகிய இவையெல்லாம், 'என்னை விட்டுவிடு' என்று நாய் பணிவோடு சொல்லும் சொற்கள். அதற்கும் நாம் செவிசாய்க்காவிட்டால் உறுமும். உறுமியதற்காக நாயை அடிப்பவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். உறுமல் என்பது கடிப்பதற்கு முன் கொடுக்கும் அறிவிப்பு. அடித்து அடித்து உறுமலை மறக்கச் செய்தால், அடுத்த முறை அறிவிப்பே இல்லாமல் கடி வரும்.

உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் நாயையும் தொடக்கூடாது. இதைச் சிறு தம்பி தங்கையருக்கு நீங்கள்தாம் சொல்லித்தர வேண்டும். தெரு நாய் துரத்தி வந்தால் ஓடக்கூடாது. ஓடும் பொருளைத் துரத்துவது அதன் பிறவி இயல்பு. கைகளை உடலோடு ஒட்டி, அதன் கண்ணை நேராகப் பாராமல், மரம் போல் நின்றால் பெரும்பாலும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

நாயின் இயல்பு உருவாகும் காலம் மூன்றாம் வாரம் முதல் மூன்று மாதம் வரை. அப்போது பல மனிதரையும், குழந்தைகளையும், மாடு கன்றுகளையும், வண்டி ஓசையையும் அச்சமின்றிக் கண்டு பழகிய குட்டி, பின்னாளில் சாந்தமாக இருக்கும். பிறந்தது முதல் சங்கிலியிலேயே கிடந்த நாய் எதைக் கண்டாலும் அஞ்சும். அச்சமே பின்னர்ச் சினமாக மாறும். நாள் முழுதும் கட்டிப்போட்டால் நாய் நல்ல காவல் காக்கும் என்பது பழைய எண்ணம். காவலுக்கு வேண்டியது கூர்மை. சங்கிலி தருவதோ வெறுப்பு. கோம்பை போன்ற ஓடியாடும் இனத்துக்கு நாள்தோறும் நல்ல ஓட்டம் இல்லையெனில், அந்த ஆற்றலெல்லாம் குரைப்பாகவும் கடியாகவுமே வெளிப்படும்.

மனிதனின் செவி நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை கேட்கும். நாயின் செவியோ 45,000 வரை கேட்கும். அப்படியானால் திருவிழா வெடி அதற்கு எப்படி இருக்கும்? சித்திரைத் திருவிழா நாட்களில் வீரபாண்டித் தெருக்களில் மேளமும் வேட்டும் முழங்கும்போது நாய்கள் நடுங்கிக் கட்டிலடியில் ஒடுங்குவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். சில, கட்டறுத்துக்கொண்டு ஓடி வழி தவறிவிடும். அந்த நாட்களில் நாயை உள்ளறையில் விட்டு, சன்னலைச் சாத்தி, அருகில் ஒருவர் இருப்பதே அதற்கு மருந்து.

இவ்வளவும் சொன்னதன் முடிமணி ஒன்று இருக்கிறது. நாயின் மொழியை அறிவதால் காப்பாற்றப்படுவது நாயின் உயிர் மட்டுமன்று, நம் உயிரும்தான். ரேபிஸ் என்னும் வெறிநோயைப் பற்றிச் சொல்கிறேன். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. வெறிகொண்ட விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்கு 99 பங்கு நாயின் வழியாகவே வருகிறது. நோயின் குறிகள் மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

இந்த நோய் நாயிடம் முதலில் தோன்றுவது எப்படி? கடித்துக் குதறும் வெறியாக அன்று, நடத்தையின் மாற்றமாக. கலகலப்பான நாய் மூலையில் ஒதுங்கும். சாந்தமான நாய் காரணமின்றிச் சீறும். மண்ணையும் குச்சியையும் கடிக்கும். குரைக்கும் குரல் மாறி ஊளையாகும். சில நாய்களிடம் சீற்றமே இராது. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க மாட்டாமல் நிற்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விடுபவர் உண்டு. அந்த இரக்கம் உயிருக்கே உலை வைக்கும். 'இந்த நாய் தண்ணீர் குடிக்கிறது. ஆகவே வெறியில்லை' என்று சொல்வதும் தவறு. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது நோயுற்ற மனிதனின் குறி. நாயின் குறி அன்று.

1885ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள், பாரிசு நகரில் லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞர், வெறிநாய் கடித்த சோசப்பு மைசுட்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார்; சிறுவன் பிழைத்தான். நம் நாட்டில் 1900ஆம் ஆண்டில் இமயச் சாரலில் உள்ள கசௌலியில் பாஸ்டர் நிலையம் ஒன்று தோன்றியது. தென்னாட்டில் கடிபட்டவர் அத்தனை தொலைவு போய்ச் சேர்வது எளிதா? அந்தக் குறையைத் தீர்க்க 1907ஆம் ஆண்டில் நம் நீலகிரிக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

அந்நாளைய மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசியாகப் போட்டனர். அந்த அச்சம் பாட்டி சொன்ன கதையாக இன்றும் நம் வீடுகளில் உலவுகிறது; அதற்கு அஞ்சியே மருத்துவமனைக்குப் போகாதவரும் உண்டு. அந்த மருந்து இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே கைவிடப்பட்டுவிட்டது. இப்போது தோளிலே போடும் சிறு ஊசிதான். தோலுக்குள் போடும் முறையில், ஊசி தொடங்கும் நாளைச் சுழியமாகக் கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவர். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

கடிபட்டால் செய்ய வேண்டியது என்ன? மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டா. ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். இதுவே பாதி மருந்து. நச்சுயிரி நரம்பில் ஏறுமுன் சோப்பு அதை அழித்துவிடும். பிறகு தாமதமின்றி மருத்துவமனை. காயம் ஆழமானால் அதைச் சுற்றி வேறொரு மருந்தையும் மருத்துவர் செலுத்துவர். வீட்டு நாய்தானே என்றோ, சிறு கீறல்தானே என்றோ, குட்டிதானே என்றோ வாளாவிருக்கக்கூடாது. ஊசியை இடையில் நிறுத்துவதும் கூடாது. சிறுவர் பலர், திட்டுக்கு அஞ்சிக் கடிபட்டதையே வீட்டில் மறைத்துவிடுகின்றனர். அந்த மௌனம் எந்த நாயையும்விடக் கொடியது. தம்பி தங்கையரிடம், 'நாய் கடித்தால் யாரும் அடிக்க மாட்டோம். உடனே வந்து சொல்' என்று இன்றே சொல்லிவையுங்கள்.

நாயின் பக்கத்திலேயே நோயை நிறுத்துவது இன்னும் எளிது. மூன்று மாத வயதில் ஓர் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, அதன்பின் ஆண்டுக்கொரு முறை. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70க்கு ஊசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாளை உலக வெறிநோய்த் தடுப்பு நாளாகக் கொண்டாடி, பல ஊர்களில் இலவச ஊசி முகாம் நடத்துகின்றனர். நாய்க்கு எதற்கு வைத்தியர் என்ற கேள்விக்கு விடை இப்போது தெரிகிறதன்றோ? நாய்க்குப் போடும் ஊசி நாயோடு நிற்பதில்லை; அந்தத் தெருவில் விளையாடும் குழந்தைகளுக்கெல்லாம் அரணாகிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு நாய்க்கென ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். பிறந்த நாள், எடை, புழு மருந்து கொடுத்த நாள், ஊசி போட்ட நாள், அடுத்த ஊசியின் நாள் ஆகியவற்றை எழுதுங்கள். காலையில் ஒரு நிமிடம் அதன் எதிரே அமர்ந்து பாருங்கள்: நேற்றுப்போல் உண்டதா? நேற்றுப்போல் நடந்ததா? நேற்றுப்போல் உங்களைக் கண்டு மகிழ்ந்ததா? இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அது ஏதோ சொல்கிறது என்று அறிந்து, பெரியவரிடம் கூறுங்கள், மருத்துவரை நாடுங்கள். ஏட்டில் படிக்கும் உயிர்நூல் பாடம் உங்கள் வாசலிலேயே வாலாட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதைப் படிப்போமாக.